ஆயில் பேன் விளிம்பில் திரும்பத் திரும்பக் கசிவு: கேஸ்கெட் போடுவதா, சிலிகான் போதுமா?

திருகாணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள கார் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்டது. பல ஆண்டுகள் ஓடியது. எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் பேன், எஃகுத் தகட்டை அழுத்தி வடித்தது. தயாரிப்பாளர் அதற்கு, கசிவைத் தடுக்க இரு உலோகங்களுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் எதையும் தரவில்லை. பழுதுபார்ப்பு நூலிலும் பசைபோல் பூசிக் காயவிடும் சீலன்ட் (சிலிகான்) மட்டுமே குறிப்பிடப்பட்டிருக்கிறது. பேனின் பின்பக்கத்தில், கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு அருகில் எண்ணெய் கசிந்ததால், ஒரு பணிமனையில் பேனைக் கழற்றிப் புதிதாகச் சிலிகான் பூசித் தந்தார்கள். சில வாரங்கள் காய்ந்திருந்த அந்த இடம் இப்போது மறுபடியும் ஈரமாகிவிட்டது. வண்டியை நிறுத்திய இடத்தில் காலையில் சொட்டுகள் தெரிகின்றன. டிப்ஸ்டிக்கிலும் அளவு மெல்லக் குறைகிறது.

இந்த முறை வேலையை நானே செய்ய எண்ணுகிறேன். வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுகளும், இறுக்கத்தின் அளவைக் காட்டும் சிறிய டார்க் ரெஞ்சும், பழுதுபார்ப்பு நூலும் கைவசம் உள்ளன. ஆனால் கேட்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி சொல்வதால் சில ஐயங்கள் தீரவில்லை. இதே எஞ்சினுக்குப் பொருந்தும் என்று ஒரு கார்க் கேஸ்கெட் விற்கப்படுகிறது. அதன் இரு பக்கமும் சிலிகான் பூசிப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு ஆகாதா? சிலிகான் டியூப்கள் சிவப்பு, கறுப்பு, சாம்பல், நீலம் எனப் பல நிறங்களில் வருகின்றன; எண்ணெய்க்கு எது ஏற்றது? எல்லாவற்றுக்கும் முன்னதாக, பேனைக் கழற்றாமலேயே போல்ட்களை இன்னும் சற்று இறுக்கியோ, விளிம்பின் வெளிப்புறத்தில் சிலிகான் பூசியோ கசிவை அடக்க இயலுமா?


நெம்புகோல்:

உங்கள் கடைசிக் கேள்விக்கான விடை சுருக்கமானது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து பூசுவதில் பயனில்லை. சிலிகான் ஒட்டிக்கொள்வது எண்ணெய்ப் பசை அறவே இல்லாத உலோகத்தில் மட்டுமே. கசிந்துகொண்டிருக்கும் விளிம்பை நீங்கள் எவ்வளவு துடைத்தாலும் உள்ளிருந்து ஊறும் எண்ணெய் சில நிமிடங்களில் அங்கே மெல்லிய படலமாகப் பரவிவிடும். போல்ட்களை மேலும் இறுக்குவது அதைவிடக் கெடுதல். இத்தகைய பேன்களில் பெரும்பாலும் 6 மி.மீ. போல்ட்கள் இருக்கும், அவற்றுக்குக் குறிப்பிடப்படும் இறுக்கம் பொதுவாக 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே அமையும். ராட்செட்டைக் கையில் பிடித்துச் சாதாரணமாக ஓர் இழுப்பு இழுத்தாலே அந்த அளவைக் கடந்துவிடுவோம். அப்போது மெல்லிய தகடு போல்ட் துளையைச் சுற்றி மட்டும், பேன் பொருந்தும் எஞ்சின் உடலான பிளாக்கை நோக்கிப் புடைத்து எழும். இரு போல்ட்களுக்கு நடுவே உள்ள பகுதி விலகி வாய் திறக்கும். இறுக்க இறுக்கக் கசிவு கூடுகிறது என்று சிலர் சொல்வது இதனால்தான்.

பேனைக் கழற்றுவதற்கு முன்னர், கசிவது பேன்தானா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே எஞ்சினில் எங்கே கசிந்தாலும் அது கடைசியில் வந்து சேரும் இடம் பேனின் பின்விளிம்பு. டேப்பெட் கவர் கேஸ்கெட், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர் அமரும் இடம், கேம்ஷாஃப்ட் முனை சீல், கிராங்க்‌ஷாஃப்ட்டின் பின்புற சீல் ஆகிய ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். இவற்றுள் பின்புற சீல்தான் அதிகம் ஏமாற்றும். அது கசிந்தால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள உறையான பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறு துளை அல்லது இணைப்பு வழியாகச் சொட்டும். பார்ப்பவர் கண்ணுக்குப் பேன் கசிவது போலவே இருக்கும்.

அடிப்பகுதி முழுவதையும் கிரீஸ் நீக்கும் திரவத்தால் கழுவி உலர்த்திவிட்டு, எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, கைவிளக்குடன் பாருங்கள். கசிவு மெதுவானது என்றால் எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, ஓரிரு நாள் ஓட்டிய பின் புற ஊதா விளக்கில் தேடினால் எண்ணெய் புறப்படும் இடம் துலக்கமாகத் தெரியும்.

இன்னொரு சோதனையும் உண்டு. பலரும் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வோ அதன் குழாயோ அடைத்துக்கொண்டால், எஞ்சினின் அடிப்பகுதிக்குள் அழுத்தம் கூடி, எந்தச் சீல் பலவீனமானதோ அதன் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல், வண்டி நின்றபடி) ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள். பல எஞ்சின்களில் அது மெல்ல உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். மாறாக, புகையுடன் வேகமாக ஊதித் தள்ளினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லையெனில் எவ்வளவு நேர்த்தியாகச் சீல் செய்தாலும் அது நிலைக்காது.


உலைக்களம்:

நெம்புகோல் சொன்ன சோதனைகளை முடித்துவிட்டு, கசிவது பேன்தான் என்று தெரிந்த பிறகு இதைப் படியுங்கள்.

முதலில் கார்க் கேஸ்கெட் பற்றி. கேஸ்கெட் இல்லாமல் வடிவமைக்கப்பட்ட பேனில் அதைப் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. கார்க் தொடர்ந்து சீரான அழுத்தத்தில் இருந்தால்தான் எண்ணெயைத் தடுக்கும். காலப்போக்கில் அது அமுங்கித் தளர்வதால் போல்ட்களை மறுபடியும் இறுக்க நேரும். உங்கள் பேனின் விளிம்போ சிலிகானை மனத்தில் வைத்து வடிக்கப்பட்டது. போல்ட்களுக்கு இடையிலான தூரமும் தகட்டின் விறைப்பும் அதற்கேற்பவே தீர்மானிக்கப்பட்டிருக்கும். கார்க்கின் இரு பக்கமும் சிலிகான் பூசுவது இரட்டைப் பாதுகாப்பு ஆகாது. காயாத சிலிகான் வழுக்கும். இறுக்கும்போது கேஸ்கெட் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நழுவி, போல்ட்களுக்கு இடையே பிதுங்கி நிற்கும். கேஸ்கெட்டுடன் வரும் எஞ்சின்களிலும், குறிப்பாக ரப்பர் வார்ப்புக் கேஸ்கெட் உள்ளவற்றில், சிலிகானை மூலைகளில் மட்டும் வைத்து மற்ற இடங்களை உலர்வாக விடுவதே பெரும்பாலான நூல்கள் காட்டும் முறை.

நிறத்தைப் பொறுத்தவரை எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவான விதி கிடையாது. டியூப்பின் மேல் எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும். சிவப்பு நிறம் பொதுவாக உயர் வெப்பத்துக்கு என்று விற்கப்படுவதால் அதுவே வலுவானது என்று பலர் நம்புகிறார்கள். ஆயில் பேனில் வெப்பம் பெரிய சோதனை அன்று, சூடான எண்ணெயில் ஆண்டுக்கணக்காக ஊறியும் உப்பாமல் இருப்பதே சோதனை. எண்ணெய் எதிர்ப்பு என்றும், புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாருக்குத் தீங்கில்லை என்றும் தெளிவாகக் குறிப்பிட்டுள்ள ஆர்டிவி (அறை வெப்பத்திலேயே இறுகும்) சிலிகானை வாங்குங்கள். காயும்போது வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அது வெளியிடும் அசிட்டிக் அமிலம் உலோகத்தை அரிக்கக்கூடும். சென்சார் பற்றிய எச்சரிக்கையும் வெறும் விளம்பரம் அன்று. சில சிலிகான்களிலிருந்து எழும் ஆவி பிசிவி வழியாக எஞ்சினுக்குள் சென்று எரிந்து, சென்சார் முனையில் சிலிக்கா படலமாகப் படிந்துவிடும்.

காற்றில்லாத இடத்தில் இறுகும் அனேரோபிக் சீலன்ட்டை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். கடைந்து சமன்படுத்தப்பட்ட, விறைப்பான இரு அலுமினியப் பரப்புகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிக்கு அது மிகச் சிறந்தது; வளையும் தகட்டுக்கு உதவாது.

இனி வேலை. எண்ணெயை வடித்து, போல்ட்களைக் கழற்றும்போது எது எங்கிருந்து வந்தது என்பதை ஓர் அட்டையில் பேனின் வடிவத்தை வரைந்து துளையிட்டுச் செருகி வையுங்கள். நீளம் மாறிய போல்ட் ஒன்று அடிதட்டி நின்றால் அந்த இடம் இறுகாது. பழைய சிலிகான் பேனை விடாமல் பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் நுழைத்து நெம்பாமல், இதற்கென்றே உள்ள மெல்லிய தகட்டுக் கத்தியைத் தட்டி நுழைத்து, பக்கவாட்டில் நகர்த்தி அறுத்துக்கொண்டே போங்கள். அலுமினியப் பேன் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: ஒரு கீறல் விழுந்தாலே அது எண்ணெய்க்கு வழியாகிவிடும். அத்தகைய பேன்கள் சிலவற்றில் மரையிட்ட வெற்றுத் துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டைத் திருகினால் பேன் தானாகவே பிளாக்கிலிருந்து தள்ளப்பட்டு விலகும்.

பேன் கீழே வந்ததும், பம்ப் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள வலையான ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். முன்பு பூசிய சிலிகான் உள்பக்கம் பிதுங்கிப் புழுப்போல் தொங்கிக்கொண்டிருந்தால், அதில் ஒரு துண்டாவது அறுந்து வலையில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். கசிவால் எஞ்சின் உடனே கெட்டுவிடாது. ஸ்ட்ரெய்னர் அடைத்தால் பேரிங்குகளுக்கு எண்ணெய் போகாமல் கெட்டுவிடும். சிலிகானைத் தாராளமாகப் பூசும் பழக்கத்தை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, சுத்தம் செய்தல். இந்த வேலையில் பாதிக்கு மேற்பட்ட நேரம் இதற்கே போக வேண்டும் என்பது என் கருத்து. பழைய சிலிகானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுதும் எடுங்கள். பழைய சிலிகானின் மேல் புதியது ஒட்டாது. கிரைண்டரில் மாட்டும் உராய்வு வட்டுகளை எஞ்சினுக்கு அருகில் கொண்டுபோகவே வேண்டாம். அவற்றிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் எண்ணெயில் கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும். பிறகு பஞ்சில்லாத துணியில் பிரேக் கிளீனரை நனைத்து, துணியில் கறை படியாத நிலை வரும்வரை துடையுங்கள். பிளாக்கின் சுவர்களிலிருந்து எண்ணெய் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், கழற்றிய அன்றே மாட்ட முயலாமல் ஓர் இரவு வடியவிடுவது நல்லது. போல்ட் துளைகளிலும் எண்ணெய் தேங்கியிருக்கக் கூடாது. அடி அடைத்த துளையில் எண்ணெய் நின்றால் போல்ட் அதன் மேல் அமர்ந்துகொள்ளும். டார்க் ரெஞ்ச் அளவைக் காட்டும், பேனோ இறுகியிருக்காது.

தகட்டு விளிம்பைச் சமன்படுத்துவதை விட்டுவிடாதீர்கள். நேரான எஃகுக் கோலை விளிம்பின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். துளைகள் புடைத்திருந்தால், விளிம்பைத் தட்டையான இரும்புக் கட்டையின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமனாக்குங்கள். பேன் முழுவதுமே முறுக்கிக்கொண்டிருந்தால் தட்டிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

பூசும்போது நூலில் சொன்ன பருமனையே பின்பற்றுங்கள். பொதுவாக 3 முதல் 5 மி.மீ. வரை இருக்கும். கோடு எங்கும் அறுபடாமல், போல்ட் துளைகளின் உட்பக்கமாகச் செல்ல வேண்டும். துளைக்கு வெளியே மட்டும் போனால் எண்ணெய் போல்ட்டின் மரை வழியாகவே இறங்கிவிடும்.


திருகாணி:

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி கழுவிச் சாயம் கலந்து பார்த்தேன். மேலே எல்லாம் உலர்ந்திருக்கின்றன, பெல் ஹவுசிங்கிலும் சாயத்தின் தடம் இல்லை. பிசிவி சரியாக இருக்கிறது. பேனைக் கழற்றியாகிவிட்டது. பின்புற சீல் பொருந்தியுள்ள சட்டமும் பிளாக்கும் சேரும் மூலையில்தான் கசிவு தொடங்கியிருக்கிறது. உலைக்களம் ஊகித்தபடியே உள்விளிம்பில் சிலிகான் தடித்துத் தொங்குகிறது, ஸ்ட்ரெய்னரிலும் சில துணுக்குகள் இருந்தன. பின்பக்கத் துளைகள் நன்றாகப் புடைத்திருக்கின்றன.

இன்னும் ஓர் ஐயம். நான் வாங்கிய சிலிகான் டியூப்பில், பூசிய பின் கையால் மட்டும் இறுக்கி ஒரு மணி நேரம் காத்திருந்து, பிறகு முழு அளவுக்கு இறுக்கும்படி எழுதியிருக்கிறது. பழுதுபார்ப்பு நூலோ பூசியவுடனே மாட்டி முழுதாக இறுக்கிவிடச் சொல்கிறது. எதைக் கேட்பது?


சுழல்தண்டு:

நூலைக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு நோக்கத்தில் எழுதப்பட்டவை. காத்திருந்து இறுக்கும் முறையில் சிலிகான் பாதி காய்ந்து ஒரு ரப்பர்க் கேஸ்கெட்டாக உருப்பெறுகிறது. அதற்கு ஓரளவு தடிமன் வேண்டும். எல்லா வகைப் பரப்புக்கும் விற்கப்படும் டியூப்பில் அப்படி எழுதுவதில் தவறில்லை. ஆனால் உங்கள் எஞ்சினை வடித்தவர்கள், ஈரமான சிலிகான் இரு உலோகங்களையும் நனைத்து, இடைவெளியை நிரப்பி, இரண்டிலும் ஒட்டிக்கொண்டு காய்வதையே எதிர்பார்க்கிறார்கள். ஆர்டிவி காற்றிலுள்ள ஈரப்பதத்தால் இறுகுவது. பூசிய சில நிமிடங்களிலேயே அதன் மேல் தோல் கட்டத் தொடங்கிவிடும். தோல் கட்டிய பிறகு பிளாக்கில் வைத்தால் மேற்பரப்பு ஒட்டாது. சில எஞ்சின்களின் நூல்கள் பூசிய 3 நிமிடங்களுக்குள் பேனை மாட்டிவிட வேண்டும் என்றும், தாமதித்தால் அனைத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

நேரம் இவ்வளவு குறைவாக இருப்பதால் முன்தயாரிப்பு எல்லாமே பூசுவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். சிலிகான் இல்லாமல் பேனை ஒருமுறை தூக்கி மாட்டிப் பாருங்கள். குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா, எந்தக் கோணத்தில் நுழைகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். அதே மரை கொண்ட நீளமான இரு போல்ட்களின் தலையை அறுத்துவிட்டு, எதிரெதிர் மூலைகளில் கையால் திருகி வையுங்கள். பேன் அவற்றின் வழியாக நேராக மேலே ஏறும். பூசிய கோடு எதிலும் உரசி அழியாது. பெரும்பாலான போல்ட்கள் மாட்டிய பின் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு உரிய போல்ட்களைப் போடலாம். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி வெளிநோக்கிச் சென்று, முதல் சுற்றில் பாதி அளவும் இரண்டாம் சுற்றில் முழு அளவுமாக இறுக்குங்கள். நூலில் வேறு வரிசை இருந்தால் அதுவே செல்லும்.

உங்கள் கசிவு தொடங்கிய மூலையைப் பற்றி ஒரு சொல். மூன்று உலோகத் துண்டுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும் இடம் அது. முன்பக்கத்தில் டைமிங் கவர் பிளாக்குடன் சேரும் இடமும் அவ்வாறே. இரு துண்டுகளும் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டிருந்தாலும் அவற்றின் இணைப்பில் நூலளவு படியோ பள்ளமோ இருக்கும். பேனின் மேல் ஓடும் சீரான கோடு அதை நிரப்புவதில்லை. அந்த இணைப்பில் பழைய சிலிகானை நுனிக்கத்தியால் தோண்டி எடுத்துச் சுத்தம் செய்து, பேனைத் தூக்குவதற்குச் சற்று முன் பிளாக்கின் மேலேயே ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு சிறு பொட்டு வையுங்கள். பின்பக்கத் துளைகள் மட்டும் அதிகமாகப் புடைத்திருப்பதைப் பார்த்தால், யாரோ அந்த மூலைக் கசிவை நிறுத்துவதற்காகவே போல்ட்களை இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.


நெம்புகோல்:

பேன் இறங்கியிருக்கும்போதே ஸ்ட்ரெய்னர் குழாயைக் கழற்றிக் கழுவி, அதன் ஓ-ரிங்கை மாற்றிவிடுங்கள். அது காய்ந்து சுருங்கினால் பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். அதை மாற்றுவதற்கு மறுபடியும் இதே பேனைத்தான் கழற்ற வேண்டும்.

உலைக்களம் சொன்ன ஒன்றில் மட்டும் நான் சற்று மாறுபடுகிறேன். முறுக்கிய பேனை மாற்றச் சொன்னார், சரிதான். ஆனால் துளைகள் மிக ஆழமாகப் புடைத்து, அங்கே தகடு நீண்டுபோயிருந்தாலும் மாற்றுவதே மேல் என்பேன். நீண்ட தகட்டைத் தட்டினால் புடைப்பு மறைந்து வேறிடத்தில் அலையாக எழும். தட்டிய பின் மறுபடியும் கோலை வைத்துப் பாருங்கள். துளைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் மேற்கொண்டு தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.


உலைக்களம்:

ஏற்றுக்கொள்கிறேன். அப்படி அலை எழுந்த விளிம்பில் சிலிகானைத் தடிமனாகப் பூசி ஈடுகட்ட முயன்றால் உங்கள் ஸ்ட்ரெய்னரில் கண்ட துணுக்குகள்தான் மீண்டும் வரும்.

மாட்டிய பிறகு எண்ணெய் ஊற்ற எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சொல்லிவிடுகிறேன். நூலிலும் டியூப்பிலும் வெவ்வேறு நேரம் இருந்தால் இவ்விடத்தில் மட்டும் நீண்டதை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி அவசரமாகத் தேவைப்படவில்லை என்றால் 24 மணி நேரம் விட்டுவிடலாம். குளிர்ந்த, வறண்ட காற்றில் சிலிகான் இன்னும் மெதுவாகவே இறுகும். எண்ணெய் ஊற்றியதும் எஞ்சினை உடனே இயக்காமல் சிறிது நேரம் விட்டு விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பிறகு ஐடிலில் சூடாக்கி, ஆயில் விளக்கு அணைந்ததையும் உறுதிசெய்துகொண்டு மறுபடியும் பாருங்கள். சில நாட்கள் கழித்து ஒருமுறை இறுக்கிவிடலாம் என்று யாரேனும் சொன்னால் செய்ய வேண்டாம். கார்க் கேஸ்கெட்டுக்கு அது பொருந்தும். இறுகிய சிலிகானிலோ போல்ட் நகரும்போது ஒட்டியிருக்கும் பிடிப்பு விட்டுவிடும்.

வடிகால் பிளக்கின் வாஷரையும் மாற்றுங்கள். செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கினால் அடுத்த முறை சரியாக அமராது. அங்கிருந்து இறங்கும் எண்ணெயும் பேனின் அடியில் பரவி, புதிதாகப் பூசிய விளிம்பே கசிகிறது என்று உங்களை எண்ணவைக்கும்.